அட்டை இல்லாத நாவலும் அரை வரி வீடும்

அந்த நாவலுக்கு அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. புளியந்தோப்பில் ஒரு பழைய பேப்பர் கடையில், பத்தாம் வகுப்பு கைடுகளுக்கும் மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவில் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். கடைக்கார பாய் தராசைத் தள்ளிவைத்துவிட்டு, "அட்ட இல்லன்னா இன்னா நைனா, உள்ள எழுத்து கீதுல்ல? எடுத்துனு போ" என்றார்.

எனக்கு அப்போது புத்தகம் என்றாலே ஒரு மூடபக்தி. எங்கள் வீட்டில் முதன்முதலாக முழுசாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா நான் சின்னப் பையனாக இருந்தபோதே கடலோடு போய்விட்டார். அம்மா மீன் விற்றுத்தான் என்னை பி.காம். வரை படிக்க வைத்தாள். புத்தகம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அச்சில் வந்துவிட்டால் அதை எழுதியவர் நம்மைவிட யோசித்திருப்பார் என்று நம்புவேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்த புண்ணியம் இந்த நாவலுக்குத்தான் சேரும்.

கதை இவ்வளவுதான். மலைமேல் ஒரு ஊர். அங்கே ஒரு பேராசிரியர். தாத்தா விட்டுப்போன காபித் தோட்டமும் பங்களாவும் அவருக்கு உண்டு. கல்லூரியில் வினாத்தாள் வெளியே போய்விடுகிறது. ஒரு குமாஸ்தா மேல் பழி விழுகிறது. எடுத்தது அவன் இல்லை என்று பேராசிரியருக்கு மட்டும் தெரியும். அதை எல்லோர் முன்னாலும் சொல்வதா, வேண்டாமா? எங்கள் தெருக் குழாயடியில் ஒருத்தியின் குடத்தை இன்னொருத்தி நகர்த்திவிட்டால், நகர்த்தியது யார் என்று சொல்ல யாரும் மூச்சுவிடும் நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. பேராசிரியர் முந்நூறு பக்கம் எடுத்துக்கொள்கிறார். வராந்தாவில் நடக்கிறார். மூடுபனியைப் பார்க்கிறார். தேர்ந்தெடுக்கும் கணத்தில்தான் மனிதன் மனிதனாகிறான் என்கிறார். அவர் நடக்கும்போதெல்லாம் ஒரு சமையல்காரம்மா காபி கொண்டுவந்து வைக்கிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது, வாயும் கிடையாது. அந்தம்மாள் ஒருநாள் காய்ச்சலென்று படுத்திருந்தால் பேராசிரியரின் தத்துவம் பாதியிலேயே நின்றுபோயிருக்கும்.

கடைசியில் பேராசிரியர் ஒன்றும் சொல்லாமலேயே வேலையை ராஜினாமா செய்துவிட்டு ரயில் ஏறுகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தான் சுதந்திரமானவன் என்று நினைக்கிறார். முற்றும். குமாஸ்தா என்ன ஆனான்? நடுவில் ஒரு அத்தியாயத்தில் அவன் பெண்டாட்டி வந்து அழுதுவிட்டுப் போனாளே, அவள் என்ன ஆனாள்? எழுதியவருக்கு அவர்களைக் கதைக்குள் கூட்டிவந்த ஞாபகமே இல்லை. தமிழில் எழுதியதா வேறு மொழியிலிருந்து வந்ததா என்றும் சொல்ல முடியவில்லை. அதில் வரும் ஆட்கள் பேசுவதைப்போல் எந்த மொழியிலும் யாரும் பேச மாட்டார்கள்.

எனக்கு முன்னால் அதை வைத்திருந்த ஆள் சிவப்பு பேனாவால் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டிருந்தார். ஓரத்தில் 'உண்மை!', 'ஆஹா!' என்றெல்லாம் எழுதியிருந்தார். ஓரிடத்தில் 'இது நான்!' என்று இரண்டு கோடு. யாரோ தெரியாது, அவருக்கும் காபி கொண்டுவந்து வைக்க ஆள் இருந்திருக்க வேண்டும்.

இந்த அலட்சியமெல்லாம் பின்னால் வந்தது. வாங்கின புதிதில் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் படித்தேன். மதியச் சோறு தின்றுவிட்டு, கம்பெனி ஸ்டோர்ஸில் கையுறைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். கம்பெனி எங்கள் குப்பத்துக்கு வடக்கே, எண்ணூர் போகிற வழியில். அங்கே எனக்கு ஸ்டோர்ஸில் காண்டிராக்ட் வேலை. உள்ளே போகிறவர்களுக்குக் கையுறை, பூட்ஸ், முகமூடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு அது கலெக்டர் வேலை. "எம் புள்ள ஃபேன்க்கு கீய குந்திகினு வேல செய்றான்" என்று டோல்கேட்டில் மீன் வாங்க வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். இந்த வருஷம் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. ஆகிவிட்டால் அவள் கூடையை இறக்கி வைக்கலாம். எங்கள் வீட்டின் மொத்தத் திட்டமும் அதுதான்.

அப்போதுதான் கம்பெனிப் பக்கமிருந்து அந்த வாடை வந்தது. ஒருநாள் விடியற்காலை கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. கைக்குழந்தைகள் இருமி இருமி வாந்தி எடுத்தன. கம்பெனி தன் பக்கம் ஒரு கோளாறும் இல்லை என்றது. அன்றைக்கு முகமூடி கேட்டு ஸ்டோர்ஸில் வரிசை நின்றது எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தவனே நான்தானே.

ஊர் கூடி கம்பெனி கேட்டுக்கு எதிரே போராட்டப் பந்தல் போட்டது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் கடலுக்குப் போக ஆள் இல்லை என்பதால், ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று முறை வைத்தார்கள். முறை வருகிற நாளில் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆம்பளை காலையிலிருந்து பொழுது சாயும்வரை பந்தலில் இருக்க வேண்டும். வராத வீட்டுக்கு ஊர் மீன் கொடுக்காது. எங்கள் கரையில் பைபர் படகுகள் வந்து ஏறுகிற இடத்திலேயே ஏலம் நடக்கும். ஊர் தலையை ஆட்டினால்தான் ஒருத்திக்குக் கூடை நிறையும். அம்மாவின் பிழைப்பே அந்த ஏலம்தான்.

எங்கள் தெருவின் முறை புதன்கிழமை. எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே ஆம்பளை நான். அதே புதன்கிழமை வேலைக்கு வராத உள்ளூர்க்காரன் எவனாக இருந்தாலும் பந்தலில் உட்கார்ந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், கேட் பாஸ் பறிக்கப்படும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. உட்கார்ந்தால் என் வேலை போகும். உட்காராவிட்டால் அம்மாவின் வியாபாரம் போகும்.

திங்கட்கிழமை மதியம் எச்.ஆர். மேனேஜர் ஸ்டோர்ஸுக்கு வந்தார். எப்போதும் வருகிறவர் இல்லை. தெற்கே எங்கிருந்தோ தினமும் காரில் வந்து, கேட்டைத் தாண்டியபிறகுதான் கண்ணாடியை இறக்குவார். நான் புத்தகத்தை மறைக்கப் பார்த்தேன். அவர் எடுத்துப் புரட்டினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"தம்பி! இதை நீங்களா படிக்கிறீங்க? நான் காலேஜ்ல படிச்சது. என் லைஃபையே மாத்தின புக் இது."

என்ன மாற்றியது என்று கேட்கவில்லை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பேராசிரியர் என்ன சொல்றார்? கூட்டம் முடிவு பண்ணாது, மனுஷன்தான் முடிவு பண்ணணும்ங்கிறார். உங்க ஊர்ல என்ன நடக்குது? நாலு கிழவங்க உட்கார்ந்துகிட்டு, வாடா போடான்னு எல்லாரையும் மேய்க்கிறாங்க. நீங்க படிச்சவர். புதன்கிழமை நீங்க எங்க இருக்கணும்னு நீங்கதான் தேர்ந்தெடுக்கணும். நான் சொல்ல மாட்டேன். உங்க சுதந்திரம் அது."

"வரலன்னா கேட் பாஸ் போய்டும்ல சார்?"

"அது பாலிசி தம்பி. அதுக்கும் உங்க சுதந்திரத்துக்கும் சம்பந்தமில்ல."

சிரிக்காமல் சொன்னார். போகும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் போனபின் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தேன். பேராசிரியர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். முதல் தடவையாக அவரை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் அழகாகச் சொல்ல முயன்றேன் என்று நினைக்கிறேன், எது சரி, எது தப்பு, நான் எதைத் தேர்ந்தெடுப்பது என்றெல்லாம். அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடா இஸ்கூல் வாத்தியாராட்டம் பேசிகினு கீற? வேலைக்கு போவணுமா, பந்தலுக்கு போவணுமா, அதான? குந்து. நா போய் கேட்டுட்டு வரேன்."

எங்கள் ஊர்க் கணக்கை இங்கே சொல்லியாக வேண்டும். குப்பத்தில் ஆம்பளை இருக்கிற வீடு முழு வரி. வரி கொடுக்கிறவனுக்குக் கூட்டத்தில் உட்கார இடம், பேச வாய், ஊருக்கு எது வந்தாலும் அதில் ஒரு பங்கு. புருஷன் செத்தவள் வீடு அரை வரி. கொடுப்பதும் பாதி, வந்தால் பங்கும் பாதி. கூட்டத்தில் இடம் கிடையாது, வெளியே நின்று கேட்டுக்கொள்ளலாம். பையன் கடலில் இறங்கினால் அந்த வீடு முழு வரி ஆகும். நான் கடலில் இறங்கவில்லை, படிக்கப் போனேன். ஆகவே அப்பா போனதிலிருந்து நாங்கள் அரை வரி. திருவிழாவில் பிரசாதத் தேங்காயைக்கூடப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் அளவுக்கு எங்கள் பெரியவர்கள் இந்தக் கணக்கில் சுத்தமானவர்கள். வேறு எதிலும் அப்படிச் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். போன தடவை கம்பெனி ஊருக்கென்று கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் எந்தெந்த வீட்டு வாசலில் கிடக்கின்றன என்று நாய்க்குக்கூடத் தெரியும்.

அம்மன் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வழக்கம்போல் வெளியே நிற்காமல் படியேறினாள். நான் கீழேயே நின்றேன்.

ஊர்த் தலைவருக்கு அவள் வந்த தோரணை பிடிக்கவில்லை. "இன்னாம்மா, பொம்பளங்கல்லாம் மேல ஏறிகினு? கீய நின்னு சொல்லு."

"கீய நின்னாதான் ஒங்க காதுல வியமாட்டேங்குதே. பொதங்கெயம எங்க தெரு மொற. எம் புள்ளய அனுப்பச் சொல்றீங்க. எதுக்கு அனுப்பணும்?"

"ஊர்க் கட்டுப்பாடு. வூட்டுக்கு ஒரு ஆம்பள."

"எந்த வூட்டுக்கு? எங்க வூடு இன்னா வரி?"

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமானார்.

"சொல்லு தலீவரே. எங்க வூடு இன்னா வரி?"

"அர வரி."

"அர வரிக்கு அர ஆளுதான குடுக்கணும்? முழு ஆம்பளய எப்டி கேப்ப? பங்கு பிரிக்கசொல்ல பாதி, பந்தல்ல குந்தசொல்ல முழுசா? எந்த ஊரு நாயம் இது? நா குந்தறன் பந்தல்ல. ஒங்க கணக்குல நா அரதான? அந்த அர ஆளு நாந்தான். எம் புள்ள வேலைக்குப் போவான்."

ஒருவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்டின்னா இன்னியிலேர்ந்து ஒன் வூட்ட முழு வரி ஆக்கிடுவோம். அப்போ?"

"ஆக்கு. ரொம்ப சந்தோசம். பாய விரி. நாளைக்குக் கூட்டத்துல நா ஒம் பக்கத்துல வந்து குந்தறன். நாற்காலி இன்னா ஆச்சின்னு மொதல்ல கேக்கறன்."

கடைசியில் தலைவர் கையை வீசி, "சரி சரி, பேஜார் பண்ணாத. நீயே வந்து குந்து. பொயுது சாயற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றார். முழுப் பெண்பிள்ளையை அரை ஆளாக எண்ணி வாங்கிக்கொண்டு ஊர் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டது. திரும்பி வருகிற வழியில் அம்மா என்னைப் பார்த்து, "இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருந்தியே" என்றாள். அவ்வளவுதான். மூடுபனி எதையும் அவள் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை பந்தலைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கூடப் படித்தவர்கள், பந்து விளையாடியவர்கள், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் உரக்கச் சொன்னான்: "டேய், தொர வராரு, வயி வுடுங்கடா. அம்மாவ வெய்யில்ல குந்த வெச்சிட்டு ஆபீசு போறாரு." இன்னொருவன் விசிலடித்தான். அம்மா ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முந்தானையைத் தலைமேல் போட்டிருந்தாள். விசிலடித்தவனைப் பார்த்து, "ஒங்கம்மா எங்கிட்ட கடனா வாங்கினு போன மீனுக்குத் துட்டு எங்கடா?" என்றாள். நான் உள்ளே போனேன்.

எங்கள் தெருவிலிருந்து அன்றைக்கு உள்ளே போனவன் நான் ஒருவன்தான். பத்து மணி வாக்கில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஏ.சி. அறை. கம்பெனியே வரவழைத்த வீடியோக்காரர் ஒருவர் விளக்கு, கேமரா எல்லாம் நிறுத்தி வைத்திருந்தார். எனக்குப் புதுசாக ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். என் ஸ்டோர்ஸிலிருந்து எடுத்ததுதான்.

"தம்பி, உங்களை நினைச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு" என்றார் மேனேஜர். "நீங்க செஞ்சதை அப்படியே சொன்னா போதும். 'நான் உள்ளூர்க்காரன். பந்தலுக்கு வரலன்னா மீன் கொடுக்க மாட்டோம்னு மிரட்டினாங்க. ஆனா நான் என் இஷ்டப்படி வேலைக்கு வந்திருக்கேன். இங்க ஒரு பிரச்சினையும் இல்ல.' அவ்வளவுதான். இதுல எதாவது பொய் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். மிரட்டியது உண்மை. நான் வந்தது உண்மை. கடைசி வரி மட்டும்தான் பொய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்ற உண்மைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்.

"சார், நான் என் இஷ்டப்படி வரல. எங்கம்மா வெளிய என் எடத்துல குந்தினு கீறாங்க. அதான் வந்தேன்."

பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. வீடியோக்காரர் சிரித்தார்.

"அதைச் சொல்ல வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"அன்னிக்கு ஸ்டோர்ஸ்ல முகமூடிக்கு க்யூ நின்னுது சார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அதையும் சொல்ல வேண்டாம். தம்பி, பர்மனென்ட் லிஸ்ட் போடறது நான்தான். உங்களை மிரட்டறேன்னு நினைக்காதீங்க. அந்த புக் படிச்சவர் நீங்க. ஒரு தனி மனுஷனா முடிவெடுங்க."

"சார், ஒண்ணு கேக்கவா? அந்த குமாஸ்தா என்ன ஆனான்?"

"எந்த குமாஸ்தா?"

"அந்த புக்குல."

"அதுல குமாஸ்தா வர்றானா?" என்றார். உண்மையாகவே யோசித்தார், பாவம். நெற்றியைக்கூடச் சுருக்கினார். தன் வாழ்க்கையையே மாற்றிய புத்தகத்தில், பழி யார் தலையில் விழுந்தது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. வராந்தா ஞாபகம் இருந்திருக்கும்.

ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். "நான் பேச மாட்டேன் சார்" என்றேன். வீரமாகவெல்லாம் சொல்லவில்லை. இவருக்குப் பிடித்த மாதிரி ஒரு மனிதனாக மட்டும் ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது தெளிவாக இருந்தது. அவர் போனை எடுத்து செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "தம்பி" போய் "இந்தப் பையன்" ஆகிவிட்டேன். கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள்.

பந்தலில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நொடியில் புரிந்துவிட்டது. காலையில் விசிலடித்தவனே கை தட்டினான். "நம்ம பையன்டா! தூக்கி எறிஞ்சிட்டு வந்துட்டான் பாரு!" தலைவர் எழுந்துவந்து, படித்த பையன், ஊர் மானத்தைக் காப்பாற்றினவன் என்று என்னென்னவோ சொன்னார். எனக்கென்று ஒரு நாற்காலி வந்தது. அதற்குப் பின்பக்கம் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது.

அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றதும் கேட்டாள்.

"இன்னா, சோத்துக்கு வுட்டாங்களா?"

"வேல போச்சும்மா."

"ஏன்?"

சொன்னேன். முழுசாகக் கேட்டாள். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பேராசிரியருக்காக ரயில்நிலையத்தில் மழைகூடப் பெய்தது.

"ரெண்டு வார்த்த சொல்லிட்டு வரதுக்கு வலிக்குதா ஒனக்கு?" என்றாள். சத்தமாகவே சொன்னாள், தலைவருக்கும் கேட்கட்டும் என்று. "ஊரோட சண்ட போட்டு, இந்த கெயவங்க மூஞ்சில முயிச்சி, வெய்யில்ல குந்தினு கீறேன். எதுக்கு? நீ போயி நல்லவனா திரும்பி வரதுக்கா?"

"பொய்யி சொல்லச் சொன்னான்மா."

"சொல்லச் சொன்னான், சொல்லல. சரி. அத்த நேத்தே சொல்லியிருந்தா நா யாவாரத்துக்குப் போயிருப்பேன் இல்ல? காலீல எடுத்த சங்கரா ஐஸ்ல கெடக்குது."

தலைவர் சமாதானமாக, "வுடும்மா, புள்ள ரோசக்காரன்" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். கையை ஊன்றி, முட்டி கடகடக்க எழுந்தாள். அந்த முட்டிக்கு ஓய்வு கொடுக்கிற திட்டத்தைத்தான் நான் அந்த அறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அது அவளுக்கும் தெரியும். அதைப்பற்றி மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆம்பள வந்துட்டான் இல்ல?" என்றாள் பொதுவாக எல்லோரையும் பார்த்து. "முழு ஆளு. எண்ணிக்கோங்க. நா போறேன்."

"பொயுது சாயற வரைக்கும்னு பேச்சு" என்று யாரோ இழுத்தார்கள்.

"வாய மூட்றா."

ரோட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, வீட்டுப் பக்கம் போய் மீன் கூடையை எடுத்துக்கொண்டு டோல்கேட்டுக்குப் போய்விட்டாள். தலைவர் நாற்காலியைத் தட்டி, "வா நைனா, முன்னால வந்து குந்து, போட்டோ எடுக்க வராங்க" என்றார். நான் அம்மா எழுந்துபோன இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். அங்கே நிழல் விழவில்லை. நல்ல வெயில்.